பஞ்சு நன்றாக இருக்கிறாள்

இன்று காலை பாத்திரம் துலக்கிவிட்டுக் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஊதாக் கறையைக் காணோம். சோப்புக்கும் போகாமல், எலுமிச்சைத் தோலுக்கும் மசியாமல் வாரக்கணக்கில் கிடந்த கறை. எப்போதுதான் போய்த் தொலையுமோ என்று நேற்று வரைக்கும் எரிச்சல்பட்டவள், இன்று அது இல்லை என்றதும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கறை போனால் எல்லாம் முடிந்துபோன கதையாகிவிடும் என்று தோன்றியது. மறப்பதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீ கதை கேட்கும் பொறுமை இல்லாதவள். சினிமாவுக்குப் போனால் இடைவேளையிலேயே, "கடைசியில அவன் பொழச்சுக்கிடுவானாட்டி? அத மட்டும் சொல்லிரு" என்று என் உயிரை வாங்குவாய், ஏதோ நான் முன்னாலேயே பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி. உன் கோழி பிழைத்துக்கொண்டது. பஞ்சு நன்றாக இருக்கிறாள். இதை எழுதும் இந்த நேரம் எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் மண்ணைக் கிளறி மேலெல்லாம் பூசிக்கொண்டிருக்கிறாள். இனி நீ நிதானமாகக் கேட்கலாம்.

அவள் உன்னிடம் வந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், பூசணிக்காய், ஆட்டுக்குட்டி, கோழி எல்லாம் பந்தலில் ஏலத்துக்கு நின்றன. நீதான் என்னை வரச்சொன்னாய். வந்த இடத்தில் கூட்டத்தில் உன்னைத் தொலைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளை வெடைக்கோழியைத் தூக்கிக் காட்டினார்கள். வெள்ளைக்கோழி வளர்க்க வேண்டும் என்று நீ அந்த வாரம் முழுக்க அரற்றிக்கொண்டிருந்தாய். வாங்கிக் கொடுத்து உன்னை அசத்திவிடலாம் என்று கேட்டேன். பந்தலின் அந்தப் பக்கமிருந்து எவளோ ஒருத்தி விடாமல் ஏற்றிக் கேட்டாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஏலம் விட்ட பெரியவருக்கு வாயெல்லாம் பல். கடைசியில் தோற்றுப்போய் நான் கையை இறக்கினேன். கூட்டம் விலகியதும் பார்த்தால், கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நீ வருகிறாய்.

"எவளோ ஒரு மூதேவி எதுக்க நின்னு வெலய ஏத்திவுட்டுட்டா. யாருன்னு பாத்தியாட்டி?" என்றாய்.

அந்த மூதேவி நான்தான் என்று சொல்ல எனக்குப் பேருந்து ஏறும் வரைக்கும் தைரியம் வரவில்லை. சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் கக்கத்திலிருந்த கோழி மிரண்டு என் சேலையை நாசம் பண்ணியது. நம் பேண்டேஜ் கம்பெனியில் வெளுத்து வரும் பஞ்சு போலவே இருக்கிறாள் என்று அங்கேயே அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாய்.

நம் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரே பேச்சுதான் ஓடும். "ஒத்தையில போகாத, நானும் வாரேன்." ரேஷன் கடைக்கு என்றாலும் அதுதான், கல்யாண வீட்டுக்கு என்றாலும் அதுதான். புரட்டாசிச் சனிக்கிழமை நான் உங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு மலையேறப் போனால்கூட நீ வருவாய். படியேறாமல் அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொள்வாய். "பெருமாள நீ பாரு, செருப்ப நான் பாக்கேன்" என்பாய். உனக்கு உடம்பு முடியாமல் போய் மதுரை ஆஸ்பத்திரிக்கு அலைய ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு என் முறையாகிவிட்டது. நீ கிளம்பும்போதெல்லாம் நான் கையில் பையோடு நின்றேன்.

இனி மதுரைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணை மூடியிருந்தாய். என்ன நினைத்துச் சொன்னேனோ, வாயில் பழகிய பேச்சு தானாக வந்துவிட்டது. "ஒத்தையில போகாதட்டி, நானும் வாரேன்." நீ கண்ணைத் திறந்து முறைத்தாய். அந்த உடம்போடு அப்படி முறைக்க உன்னால்தான் முடியும்.

"இங்கன மட்டும் நீ வரக்கூடாது. நீ பஞ்சப் பாரு" என்றாய்.

அதற்குப் பிறகும் தண்ணீர் கேட்டாய், உன் மகள் ஜெபா வந்துவிட்டாளா என்று கேட்டாய். ஆனால் எனக்கென்று நீ சொன்னது அதுதான் கடைசி. அவள் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்தும் சில மாதம் உன் வீட்டிலேயே இருந்த ஜெபா, பங்குனியில் அதைப் பூட்டிக் கிளம்பும் அன்று, தானே பஞ்சைப் பிடித்து ஒயர் கூடையில் வைத்து என்னிடம் கொடுத்தாள். "அம்மா கையால தீனி தின்ன உசுரு இது ஒண்ணுதான் மிச்சம் அத்த. நல்லா பாத்துக்கோங்க" என்றாள். ராஜபாளையம் பேருந்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "பொட்டக்கோழிதானக்கா? அப்ப ரெண்டு பேருக்கும் ஃப்ரீதான்" என்றார். உன்னை அடக்கம் பண்ணிய பிறகு நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்தேன். பக்கத்துச் சீட்டில் திரும்பி உன்னைப் பார்க்கப் போனால், அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து செய்ததுதான் முட்டாள்தனம். கூடையைத் திறந்து, எங்கள் கோழிகளுக்கு நடுவில் அப்படியே விட்டேன். என் வீட்டுக் கோழிகளை உனக்குத் தெரியும். எல்லாம் கறுப்பும் செவலையும், ஒன்று மட்டும் சாம்பல். தலைவி அந்தக் கொண்டைக் கறுப்பி. கம்பெனியில் நம்மை ஆட்டிவைத்த அம்மாவின் நினைவாக நீதான் அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தாய். சேவல் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக்காரரைப் போல அது எதிலும் தலையிடாது. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஒருத்தி. இரண்டு கொத்துக் கொத்திவிட்டுப் பழகிவிடுவார்கள் என்று நினைத்து நான் சமைக்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் பஞ்சு ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். மூன்றாம் நாள் அவளைக் காணோம். விறகு அடுக்குக்குப் பின்னால் தலையை மட்டும் உள்ளே நுழைத்துக்கொண்டு குத்தவைத்திருந்தாள். தூக்கிப் பார்த்தால் வால் பக்கத்தில் ஒரு இறகுகூட இல்லை. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. உன்னை நினைத்தேன், ஜெபாவை நினைத்தேன். கோழிதானே என்று யாராவது அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் என்ன பண்ணியிருப்பேனோ தெரியாது.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். இத்தனை வருடம் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டியவள் காயத்தைக் கண்டால் வேறென்ன செய்வாள்? வீட்டில் கிடந்த சிவப்பு மருந்தைத் தாராளமாகத் தடவி, பீரோவிலிருந்து முதல்தர வலைத்துணியை எடுத்து, இறக்கைக்கு அடியில் கொடுத்து, நெஞ்சைச் சுற்றி, முதுகில் குறுக்கே போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டிவிட்டேன். நம் செக்கிங் அம்மாகூட ஒரு குறை சொல்லியிருக்க முடியாது. இனி கொத்தினாலும் துணியில்தான் படும் என்று நம்பிப் பஞ்சை மறுபடியும் வெளியே விட்டேன்.

வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறித் தெரிந்ததும், அதுவரை சும்மா இருந்த கோழிகளும் ஓடிவந்தன. சூப்பர்வைசர் ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். செவலை இன்னொரு முனையைப் பிடித்தது. பஞ்சு ஓட ஓடக் கட்டு அவிழ்ந்துகொண்டே போனது. நான் துடைப்பத்தோடு ஓடிப்போய் அவளைத் தூக்குவதற்குள் முருங்கை மரத்திலிருந்து அடிபம்பு வரைக்கும் துணி. எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏட்டி, ஒங்க கம்பெனி மால் அம்புட்டும் முத்தத்துல கெடக்கே. லோடு எப்ப வருது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மனுஷன் பயந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, "எந்திரி, மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம்" என்று வண்டியை எடுத்தார். சேவல் முதல்தடவையாகத் தலையிட்டது.

மாட்டாஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். மிச்சமிருந்த கட்டைக் கத்தரித்தபடியே, "யாரும்மா கட்டுனது? மனுசங்களுக்குன்னா பரிசு குடுக்கலாம்" என்றாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். காயத்துக்குக் காற்று பட வேண்டும், கட்டக் கூடாது. சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்துவதை நிறுத்தாது. அதனால் சிவப்பு மருந்து ஆகாது. வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தைத் தடவினால் ரத்த நிறம் மறையும், புண்ணும் காயும். ஈ உட்கார விடக் கூடாது. புழு வைத்துவிட்டால் பிழைக்காது. ஆறும் வரைக்கும் தனியாக வைக்க வேண்டும். "ரொம்ப ஆசையா வளக்குற கோழியாம்மா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "இவ சேக்காளி கோழி" என்றார். அவருக்கும் உன் நினைப்பு இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து பஞ்சுக்கு மூங்கில் பஞ்சாரம்தான் வீடு. அதை அடுப்படிக்குப் பக்கத்தில் கவிழ்த்து, மேலே பழைய கொசுவலையைப் போர்த்தினேன். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் கழுவி, ஊதா மருந்து தடவி, ஓரத்தில் வேப்பெண்ணெய் தொட்டுவைப்பேன். என் விரல், சேலை, அடுப்படிச் சுவர் எல்லாம் ஊதா. அவளோ வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். கம்பு வைத்தேன், நொய் வைத்தேன், சின்ன வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்தேன். எதையும் தொடவில்லை. நீ கடைசி நாட்களில் கஞ்சிக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தது மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒங்கம்மா புத்தி ஒனக்கு" என்று திட்டிவிட்டு வாயைப் பிளந்து ஊட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஜெபாவிடமிருந்து போன் வரும். "பஞ்சு எப்படி இருக்கா அத்த?" என்பாள். "அவளுக்கென்ன, மகராணி கணக்கா இருக்கா" என்பேன். ஒரு வாரம் வீடியோவில் காட்டச் சொன்னாள். முதுகைத் துண்டால் மூடிக்கொண்டு கொண்டையை மட்டும் காட்டினேன். "குளுருதா அத்த அவளுக்கு?" என்று கேட்டாள். சித்திரை வெயிலில் ராஜபாளையத்தில் கோழிக்குக் குளிருகிறது என்று நானும் ஆமாம் போட்டேன். பிறகு அவள் சொன்னாள், "அம்மா வருச நெனவுக்கு வாரேன் அத்த. மொதல்ல ஒங்க வீட்டுக்கு வந்து பஞ்சப் பாத்துட்டுத்தான் போவேன்." போனை வைத்ததும் ஊதா மருந்தை எடுத்துக்கொண்டு பஞ்சாரத்துக்கு ஓடினேன்.

புண் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து பொருக்குத் தட்டியது. தீனியும் தானாகத் தின்றாள். இனி பயமில்லை என்று ஒருநாள் அவளை வெளியே விட்டேன். பார்த்துக்கொண்டே நிற்கும்போதே சூப்பர்வைசர் பாய்ந்து பொருக்கைப் பிடுங்கிவிட்டாள். மறுபடியும் ரத்தம், மறுபடியும் ஊதா. அன்று பஞ்சாரத்துக்குள் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். காயத்தை என்னால் ஆற்றிவிட முடியும். ஆனால் காலம் பூராவும் ஒரு கோழியைக் கூடைக்குள் வைத்துக் காப்பாற்ற முடியுமா? அடுப்படித் தரையில் அவளுக்கு எதிரில் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், நீ போன பிறகு நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் புரட்டாசிக்கு மலைக்குப் போகவில்லை, ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை.

அப்போதுதான் எனக்குக் கம்பெனியில் நான் சேர்ந்த புதிது ஞாபகம் வந்தது. மத்தியானம் வேப்ப மரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். நான் தூக்குச்சட்டியோடு போய் நின்றால், எல்லோரும் சட்டியை ஓர் அங்குலம் தள்ளி வைப்பார்கள், இடைவெளி மூடிவிடும். யாரும் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை, அதனால் யாரிடமும் முறையிடவும் முடியவில்லை. துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்து தின்பேன். ஒருநாள் நீ உன் சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தாய். "இங்கன நல்லா காத்து வருது போல" என்று உட்கார்ந்தாய். அந்த மூலையில் காற்று எங்கே வந்தது, பஞ்சுத் தூசிதான் வந்தது. நீ தினமும் அங்கே வந்து சாப்பிட்டாய். பிறகு ஒருநாள், "வா, மரத்தடிக்குப் போவோம்" என்றாய். நான் மாட்டேன் என்றேன்.

"ஒத்தையில போனா கொத்தத்தான் செய்வாளுக. நானும் வாரேன்" என்றாய்.

இருவராகப் போய் நின்றதும் வட்டம் விலகத்தான் வேண்டியிருந்தது. நீ எனக்கு அந்தப் பேச்சைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. இத்தனை நாளும் கையில் மருந்தை வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன் பார்.

உடனே எழுந்து போய்ச் சாம்பலைப் பிடித்தேன். செட்டியார்பட்டியிலிருந்து என் தங்கை கொடுத்த சாம்பல் நிறக் கோழி அது. ஒருவர் வம்புக்கும் போகாது. தீனி போட்டால் எல்லோரும் தின்றபிறகு வந்து மிச்சத்தைப் பொறுக்கும். அதைப் பஞ்சோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் விட்டேன். முதல் நாள் இரண்டும் ஆளுக்கொரு ஓரத்தில் இருந்தன. மறுநாள் ஒரே கிண்ணத்தில் தின்றன. அதற்குப் பிறகு போய்ப் பார்த்தால், சாம்பலின் இறக்கைக்குள் தலையை விட்டுக்கொண்டு பஞ்சு தூங்குகிறாள். பஞ்சாரத்தை அடுப்படியிலிருந்து முற்றத்துக்கு மாற்றினேன். மற்றக் கோழிகள் சுற்றிச் சுற்றி வந்தன; பார்க்க முடிந்ததே தவிர எட்ட முடியவில்லை. கொஞ்ச நாளில் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

புண் ஆறி இறகுக் குருத்து முளைத்த பிறகு, ஒரு காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினேன். எங்கள் வீட்டுக்காரர் துடைப்பத்தோடு ஒரு பக்கம், நான் துண்டோடு ஒரு பக்கம். சாம்பல் முதலில் நடந்தது, அதை ஒட்டிப் பஞ்சு. சூப்பர்வைசர் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்தாள். "விடு, செத்த நேரம் பாப்போம்" என்றார் அவர். ஓங்கிய துண்டை நான் இறக்கவில்லை. சூப்பர்வைசர் பஞ்சின் தலையில் ஒரு கொத்துக் கொத்தினாள். ஒன்றே ஒன்று. சாம்பல் ஓடவில்லை, நடுவில் வந்து நின்றுகொண்டு தரையில் ஏதோ பொறுக்கியது. பஞ்சும் ஓடாமல் அதன் பக்கத்திலேயே குனிந்து பொறுக்கினாள். சூப்பர்வைசர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, வேலை கிடக்கிறது என்பது போல அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் அடிபம்பு மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் ஜெபா வந்தாள். பையை இறக்கும் முன்னாலேயே முற்றத்துக்கு ஓடினாள். பஞ்சின் முதுகில் பாதி புது வெள்ளை, பாதி போகாத ஊதா. "என்னத்த, அம்மா கோழி ஊதாச் சேல கட்டிருக்கு" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், வீடியோவில் மறைத்ததையும் சேர்த்து. சிரித்துக்கொண்டே கேட்டவள், பஞ்சை மடியில் எடுத்ததும் அழுதாள். உன்னைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். அழுது முடிக்கும் வரை நான் பக்கத்தில் இருந்தேன். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிறாயா என்று கேட்டேன். "வேண்டாம் அத்த. இங்கன அவளுக்குச் சேக்காளி இருக்கால்லா" என்றாள்.

பிறகு இருவரும் பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தோம். வீட்டில் ஜெபம் முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். அடக்கத்தன்றைக்குப் பிறகு அங்கே வர எனக்குக் கால் வரவில்லை. அன்றும் கேட்டிலேயே நின்றுவிட்டேன். ஜெபா திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். "ஒத்தையில நிக்காதீங்க அத்த, நானும் வாரேன்" என்றாள். அவளுக்கு அது யார் பேச்சு என்று தெரிந்திருக்குமா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை. உன் முன்னால் வந்து நின்றபோது வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. "பஞ்சு நல்லா இருக்கா" என்றேன். அது உனக்குக் கேட்டிருக்கும்.

இந்தப் புரட்டாசிக்கு மலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உனக்கு அங்கே துணைக்கு ஆள் கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டாலும், எவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாளோ அவள் பக்கத்தில் நீயே போய், நல்ல காற்று வருகிறது என்று உட்கார்ந்திருப்பாய்.

பஞ்சு மறுபடியும் முட்டையிட ஆரம்பித்துவிட்டாள். சாம்பல் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே பஞ்சின் முட்டைகளைத்தான் வைத்திருக்கிறேன். குஞ்சு பொரித்தால் பருந்துக்கும் பூனைக்கும் காவல் நிற்க வேண்டும், நொய் உடைத்து வைக்க வேண்டும், சூப்பர்வைசர் மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

அதனால், நான் இப்போதைக்கு அங்கே வரவில்லையட்டி. இங்கே எனக்கு வேலை கிடக்கிறது.